நீல நாடா கட்டிய மேப்பிள்

மாமா ரொறொன்ரோவிலிருந்து மாமியைக் கல்யாணம் முடித்து, சுவிஸின் கூர் நகருக்குக் கூட்டிவந்த மறுவருடமே மாமி கர்ப்பமானார். மசக்கையில் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. இப்படியே போனால் பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமி கேட்டதெல்லாம் மேப்பிள் மரத்து நீரைப் புதிதாகக் காய்ச்சிய இனிப்புப் பாணி மட்டும்தான். கடைப் போத்தல் அவருக்கு ஓங்காளித்தது.

வெள்ளைக்காரர் கால்வைக்க முன்பே கனடாவின் ஆதிக்குடிகள் மேப்பிள் பட்டையைக் கீறி, வடியும் நீரைக் காய்ச்சினார்களாம். பனி இளகும் நாட்களில் இன்றும் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குப் போய், சூட்டுப் பாணியை வெண்பனியில் ஊற்றித் தின்பார்களாம். மாமி படுத்தபடியே இதைச் சொல்ல, மாமா ட்ரில்லைத் தேடினார்.

மாமா என்னையும் கூட்டிப்போனார். ஊருக்கு மேலேயுள்ள காட்டில் ஒரு மேப்பிளில் நீல நாடா கட்டியிருந்தது.

"ஆரோ பிள்ளை வரத்துக்கு நேர்த்தி வைச்சுக் கட்டியிருக்கினம். ராசியான மரம்" என்றார் மாமா. கும்பிட்டுவிட்டுத்தான் துளைத்தார். நானும் கும்பிட்டேன். காற்றே இல்லாத காட்டில் வாளிக்குள் சொட்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு ஏனோ பயமாக இருந்தது.

ஒரு பானை நீர் வற்றி ஒரு கரண்டிதான் தேறியது. மாமி அதை நக்கினார், வாந்தி எடுக்கவில்லை. அன்று கொஞ்சம் சோறும் இறங்கியது. வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

மறுபடி போனபோது வயதான சுவிஸ் அம்மா ஒருவர் மரத்தில் கன்னம் வைத்து நின்றார். அவர் ஜெர்மனில் சொன்னதை நான் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"இவவின்ர புருசன் செத்திட்டாராம். சாம்பலை இந்த வேரடியிலதான் போட்டவவாம். நாடா அதுக்கு அடையாளமாம்."

மாமா வெளிறிப்போனார். அந்த அம்மா கத்தவில்லை. ஒரு சொட்டை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தார். இதை யார் குடிப்பது என்று கேட்டார். மாமா வாய் திறக்குமுன் நான், மாமியின் வயிற்றில் இருக்கும் பிள்ளை முதல் எங்கள் வீட்டு விலாசம் வரை ஒப்புவித்துவிட்டேன்.

"மாமியிட்ட மூச்சு விடாதை" என்றார் மாமா இறங்கும்போது. செத்தவீட்டுக்குப் போய்வந்தால் முழுகாமல் வாசற்படி ஏறாத ஆட்கள் நாங்கள். ஆனாலும் அவர் வாளியை விட்டுவரவில்லை.

இலையுதிர் காலத்தில் மாமிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. துடக்குக் கழிக்கும் முப்பத்தோராம் நாள், பின்னிய குட்டிக் காலுறையோடு அந்த அம்மா வாசலில் நின்றார். மாமாவின் வேலையிடத்து ஆளாக்கும் என்று நினைத்து, மாமி அவரை உள்ளே இருத்திப் பிள்ளையை அவர் மடியில் கிடத்தினார். அவர் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார், காதைத் திருப்பிப் பார்த்தார், ஏதோ முணுமுணுத்தார்.

"என்னவாம்?" என்று மாமி என்னைக் கேட்டார்.

"அதே காதாம்."

"பின்னை, தேப்பன்ர காதுதானே!" என்று மாமி பெருமையாகச் சிரித்தார்.

ஓம் என்று நானும் தலையாட்டினேன். மாமா ஏன் ஓடிவந்து பிள்ளையை அந்த மடியிலிருந்து பறித்தார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.