பெட்டிக்காரர் அடுக்கிய தகடுகள்

பட்டறை வாசலில் தையல்கடைக்காரர் புலம்பிக்கொண்டேதான் வண்டியை விட்டு இறங்கினார்.

"தங்கச்சி, என்ஜின் போடுற சத்தத்துக்கு வண்டி பறக்கணும். நகர மாட்டேங்குது. என் மாப்பிள்ளை மாதிரியே ஆயிருச்சு."

அவள் சிரித்தாள். எந்த வண்டி என்று பார்த்ததும் சிரிப்பு நின்றது. சாம்பல் நிறப் பழைய ஆட்டோமேட்டிக் கார். போன மழைக்காலத்தில்தான் அவள் கணவர் அதன் கியர்பெட்டியைப் பிரித்துக் கட்டிக் கொடுத்திருந்தார். அவர் கட்டிய பெட்டி ஒன்று கோளாறாகித் திரும்பி வந்ததாக அந்தத் தெருவில் பேச்சே இருந்ததில்லை.

தெருவுக்கே அவர் பெட்டிக்காரர். பிரேக், டயர், பெயின்ட் எதையும் தொடமாட்டார். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி மட்டும்தான். மற்றவர்கள் கைவிரித்துவிட்ட பெட்டிகள் அவரிடம்தான் வந்து சேரும். கல்யாணமான புதிதில் மதியச் சாப்பாடு கொண்டுவந்தவளை, "சும்மா நிக்காத, இதைக் கழுவிக் குடு" என்று ஒரு தட்டு நிறைய பாகங்களைக் கொடுத்து உட்காரவைத்தார். அப்படியே உட்கார்ந்தவள் வால்வுப் பலகை வேலையைக் கற்றுக்கொண்டாள். எண்ணெய் எப்போது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முடிவுசெய்கிற பலகை அது. "பெட்டிக்கு உடம்பு நான், மூளை இவ" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "சம்சாரத்துக்குப் பயந்து சொல்றார்" என்பார்கள். "ஆமா, பயந்துதான்" என்பார்.

கொஞ்ச காலமாக அவர் சரியில்லை. கேட்டதையே திரும்பக் கேட்டார். ஒரு வண்டியின் ஆயில் குச்சியை இன்னொரு வண்டியில் செருகிப் பார்த்து, நுழையவில்லை என்று குச்சியைத் திட்டினார். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனையைத் தாண்டி நேராகப் போனார். மகள் ஃபோனில், "அம்மா, டாக்டர்கிட்ட காட்டு" என்றாள். "உங்கப்பா கையைப் போய் பாருடி. ஒரு சீல் போடுறதைப் பார்த்தா அப்படிப் பேச மாட்டே" என்று மகளின் வாயை அடைத்துவிட்டாள். அவளுடைய தைரியமெல்லாம் அந்தக் கைதான். கை தப்பாதவரை மனுஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கணக்கு வைத்திருந்தாள்.

இப்போது அந்தக் கை கட்டிய பெட்டி வாசலில் வந்து நிற்கிறது.

சூடு ஏறட்டும் என்று ஊரைச் சுற்றி ஓட்டினார்கள். பெட்டிக்காரர் ஓட்ட, அவள் பக்கத்தில். முதல் கியர் சரி, இரண்டாவது சரி. மூன்றுக்கு மாறும் இடத்தில் என்ஜின் மட்டும் ஊளையிட்டது. வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோலத் தயங்கியது. நிறுத்திப் பின்னால் எடுத்தார். அங்கேயும் அதே கதை.

"மூணுல வழுக்குது, ரிவர்ஸ்லயும் வழுக்குது. ரெண்டுக்கும் பொதுவா எது?"

"மேல் கிளச்சுங்க."

"அவ்வளவுதான். பிரிக்காமலே சொல்லிட்டேன், பாத்தியா!" குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார். போன தடவை இதைக் கட்டியது தான்தான் என்று அவர் சொல்லவில்லை. அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆயில் குச்சியை மூக்கருகே கொண்டுபோனாள். கருகல் வாடை. பிரஷர் மீட்டரை மாட்டினாள். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பம்ப் பழுதில்லை, அவளுடைய பலகையும் பழுதில்லை. தன் வேலையில்தான் தப்பு இருக்க வேண்டும் என்று எந்த மெக்கானிக்காவது வேண்டிக்கொள்வாளா? அவள் வேண்டிக்கொண்டாள். முள் கேட்கவில்லை.

மறுநாள் பெட்டியை இறக்கினார்கள். சாப்பிட்டுவிட்டு அவர் பெஞ்சில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, அவள் தனியாக மேல் கிளச்சின் டிரம்மைத் திறந்தாள்.

உள்ளே வட்டத் தகடுகள். ஒரு இரும்புத் தகடு, அதன்மேல் காகிதம் ஒட்டிய தகடு, மறுபடி இரும்பு, மறுபடி காகிதம். எண்ணெய் அழுத்தும்போது ஒன்றையொன்று கவ்வினால்தான் வண்டி நகரும். அடுக்கும்போது அவர் வாய்விட்டு, "இரும்பு, காகிதம், இரும்பு, காகிதம்" என்று ஓதுவார். அந்த நேரம் யாரும் அவரைக் கூப்பிடக்கூடாது. அது பட்டறைச் சட்டம்.

மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். காகிதம் கருகி, இரும்பு நீலம் பாய்ந்திருந்தது. கடைசியில் அடிப்பக்கம் இரண்டு காகிதத் தகடுகள் சேர்ந்தே வந்தன. அவற்றுக்குக் கீழே இரண்டு இரும்புத் தகடுகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

எண்ணிக்கை சரி. மொத்தக் கனமும் சரி. அதனால் இடைவெளி அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தபோதும் சரியென்றே காட்டியிருக்கும். ஆனால் சேர்ந்த இரண்டு காகிதமும் ஒன்றையொன்று கவ்வாது. மற்றவை அவற்றின் பாரத்தையும் சுமந்து, மாதக்கணக்கில் தேய்ந்து கருகிவிட்டன.

யாராவது நடுவில் கூப்பிட்டிருப்பார்களா? ஃபோன் வந்திருக்குமா? நான்தான் ஏதாவது கேட்டேனோ? ஒரு சாக்கு கிடைக்காதா என்று போன மழைக்காலம் முழுவதையும் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"என்ன, பொணத்தைப் பாக்குற மாதிரி பாக்குற?"

பின்னால் நின்றிருந்தார். தகடுகளை எட்டிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அடப்பாவி! ரெண்டு இரும்பைச் சேர்த்துப் போட்டுட்டு, ரெண்டு காகிதத்தையும் சேர்த்துப் போட்டிருக்கான். கண்ணை மூடிக்கிட்டுக் கட்டினானா? எவன் இவன்?"

அவள் துணியை எடுத்தாள்.

"சொல்லேன். எந்தப் பட்டறை?"

"விடுங்களேன்."

"விடுறதா? இந்த மாதிரி ஆள்கிட்ட ஒரு நட்டைக்கூட நம்பிக் குடுக்கக் கூடாது. நாலு பேர் உக்காந்து போற வண்டிடி இது."

அவள் தலை நிமிரவில்லை. துணியால் ஒரே தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவருடைய சிரிப்பு மெதுவாக இறங்கியது. வெளியே நின்ற சாம்பல் வண்டியைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இது தையல்காரர் வண்டி இல்ல?"

"ஆமாங்க."

"அவர் வேற யார்கிட்டயும் போக மாட்டாரே."

"போக மாட்டார்."

வெகுநேரம் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அடுக்கினது ஞாபகமே இல்லடி. தப்பு பண்ணினேன்னா, ஒரு நினைப்பாவது இருக்கணும்ல? துளிகூட இல்ல."

"ஒரு தடவைதானேங்க..."

"ஒரு தடவைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "இனிமே நான் கட்டக் கூடாது. நானே கேட்டாலும் குடுக்காத. சண்டை போட்டாலும் குடுக்காத. சொல்லிட்டேன்."

"சரிங்க" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது. அன்றைக்கு இருவரும் சீக்கிரமே கடையை அடைத்தார்கள். வழியெல்லாம் அவர் அவள் கையை விடவே இல்லை. நடந்தது கொடுமைதான், ஆனால் நடந்து முடிந்துவிட்டது, இதைவிடக் கஷ்டமான வார்த்தையை இனி பேச வேண்டியிருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில் புதுத் தகடுகளை எண்ணெய்த் தட்டில் ஊறப்போட்டு, டிரம்மை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உற்சாகமாக உள்ளே வந்தார்.

"பெட்டி பிரிச்சாச்சா? என்ன கோளாறு? மேல் கிளச்தானே? நான் சொன்னேன்ல?"

அவள் கை தட்டுக்குள் அப்படியே நின்றது.

"ஆமாங்க. தேஞ்சு போச்சு."

"நகரு, நான் அடுக்குறேன்."

"வேணாங்க. நானே அடுக்கறேன்."

"நீயா?" சிரித்தார். "நல்லாருக்கே! என் வேலையை என்கிட்டயே பிடுங்குறியா? நகருடி."

அவள் நகரவில்லை. முதல் இரும்புத் தகட்டை எடுத்து டிரம்முக்குள் வைத்தாள். எண்ணெய் முழங்கைவரை வழிந்தது. அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது முதுகுக்குப் பின்னால் தெரிந்தது.

"ஏன், நான் கட்டக் கூடாதா?"

காகிதத் தகடு ஒன்றை எடுத்தாள். நேற்று அவரே சொன்னதை இன்றைக்கு அவள் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் இன்றைக்கு முழுக்க உடைந்துபோவார். நாளைக் காலையில் மறுபடி இதே வாசலில், இதே கேள்வியோடு வந்து நிற்பார்.

"உன்னைத்தான் கேக்குறேன்" என்றார். கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். பதில் வரும் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.