அக்கா சுற்றிய மின்சாரம்

போரினால் வன்னிக்குள் பற்றரி, ஒரு சின்ன மின்கலம்கூட, கொண்டுவரத் தடை இருந்த காலம் அது. இராணுவத்தின் தாண்டிக்குளம் சோதனைச் சாவடியில் ஒரு சோடி பற்றரியோடு பிடிபட்டவர் அன்று வீடு திரும்புவார் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே எங்கள் ஊரான தர்மபுரத்தில் நாங்கள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்துபோகும்.

நான் மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். அவ்வாண்டு வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று, தெற்காசிய நாடுகளின் மாணவர் சிலரைத் தன் செலவிலேயே கோடைக்கு அழைத்து ரோபோ ஆய்வில் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. தாமே செய்த, இயங்குகின்ற கருவி ஒன்றின் படமும் விளக்கமும் அனுப்பவேண்டும். விரிவுரையாளர் ஒருவரின் பரிந்துரையும் வேண்டும்.

விடுமுறையில் வீட்டுக்கு வந்து, பழுதான கசற் றேடியோக்களிலிருந்து கழற்றிய இரண்டு மோட்டர்களைக் கொண்டு மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்தேன். அதன் முகப்பில் ஒளியை உணரும் இரண்டு கண்கள். விளக்கை எங்கே வைத்தாலும் அது தேடிப் போகவேண்டும். நீண்ட வயர் ஒன்று அதைக் கவிழ்ந்த சைக்கிளோடு இணைத்திருந்தது. மிதியைச் சுற்றியவர் என் அக்கா.

வண்டி சற்றுத் தயங்கினால் போதும், மாட்டை அதட்டுவதுபோல் “ஹேய், போ!” என்று கத்திக்கொண்டு அவர் இரட்டை வேகத்தில் சுற்றுவார். மின்சாரம் கூடும், ஒரு மோட்டர் மற்றதை முந்தும், வண்டி விளக்கை விட்டுவிட்டுக் குசினி அடுப்புப் பக்கம் ஓடும்.

“அக்கா, ஒரே மாதிரிச் சுத்துங்கோவன்!”

“நான் என்ன மெசினே? வயலுக்கை குனிஞ்சு நிண்டு நாரி முறிஞ்சு வந்து உன்ர வண்டிக்குச் சோறு போடுறன். அது குழப்படி செய்தால் எனக்கே பேச்சு?”

அவரைத் திருத்த முடியாதென்று கண்டு வண்டியைத் திருத்தினேன். மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் அது பொருட்படுத்தக்கூடாது. இரண்டு கண்களில் எதற்கு ஒளி அதிகம் என்பதை மட்டும் ஒப்பிட்டுத் திரும்பவேண்டும். பல நாள் முயன்றபின் அக்கா எப்படிச் சுற்றினாலும் வண்டி விளக்கடிக்குப் போய் நின்றது. கலியாணவீட்டுப் படம் எடுப்பவர் ஒருவரைக் கெஞ்சி, அவருடைய படச்சுருளில் மீந்திருந்த ஒரே படத்தில் வண்டியையும் சைக்கிளையும் அக்காவையும் பதிந்துகொண்டேன்.

என் விரிவுரையாளர் வவுனியாவைச் சேர்ந்தவர். அவரும் விடுமுறைக்கு வந்திருந்தார். சாவடியைக் கடக்கப் பாஸ் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். படத்தைப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

“படத்திலயிருந்து உந்தச் சைக்கிளை வெட்டிவிடும். பற்றரியில ஓடுது எண்டு எழுதும். பிச்சைக்காரர் எண்டெல்லே நினைப்பாங்கள்.”

“பற்றரி இல்லை, சேர்.”

“இல்லாட்டி என்ன? அவங்கள் வந்து பாக்கப் போறாங்களே?”

“வெட்டினால் அக்காவையும் வெட்டவேணும். அது ஏலாது. பரிந்துரை தராட்டி நான் அது இல்லாமல் அனுப்பிறன்.”

அவர் பேனையை எடுத்தார். “கையெழுத்து வைக்கிறன். வெக்கம் வந்தால் அது உம்மோட.”

விண்ணப்பம் அனுப்பிச் சில வாரத்தில் நேர்முகம் தொலைபேசியில் நடந்தது. எங்கள் பக்கம் தொலைபேசி இல்லாமையால் மறுபடியும் விரிவுரையாளர் வீட்டுக்கே போனேன். அவர் எதிர்க் கதிரையில் கைகட்டி அமர்ந்திருந்தார். மறுமுனைப் பேராசிரியர் பண்பாகவே பேசினார். தங்களிடம் சீரான மின்சாரம் உண்டு என்றும், அங்கே வந்தால் இந்தச் சைக்கிள் தொல்லையை நான் மறந்துவிடலாம் என்றும் சொன்னார்.

அந்த இடம் கிடைக்காவிட்டால் வேறு வழி எதுவும் எனக்குத் திறந்திருக்கவில்லை. ஆயினும் சொன்னேன்: “மறக்க நான் விரும்பவில்லை. மின்சாரம் தள்ளாடும்போது இயந்திரம் தள்ளாடாமல் இருப்பது எப்படி என்பதே என் ஆய்வு. அதற்கு உங்களிடம் இடம் இல்லையென்றால் வேறொருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.”

விரிவுரையாளர் தலையில் கைவைத்தார். மின்சாரம் எவ்வளவு குறைந்தால் வண்டி நிற்கும் என்று பேராசிரியர் கேட்டார். அதற்குப் பின் அவர் கேட்டவை யாவும் வண்டியைப் பற்றியவை; எங்கள் வறுமையைப் பற்றி ஒன்றுமில்லை.

இடம் கிடைத்தது. கோடை முழுவதும், அவர்களுடைய சீரான மின்சாரத்தை வேண்டுமென்றே குலைத்துக் குலைத்து அந்த ஒரு கேள்வியையே ஆராய்ந்தேன். இறுதி அறிக்கையின் முகப்பில் என் பெயருக்குக் கீழே அக்காவின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அலுவலகப் பெண்மணி அவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டார்.

“தர்மபுரம்” என்றேன்.

அது பல்கலைக்கழகமா, ஆய்வுக்கூடமா என்று மறுபடியும் கேட்டார்.

எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அப்படியே அச்சிடச் சொன்னேன்.