மான் பார்க்கப் போன ஞாயிறு

நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் என்னைவிடத் தண்ணீர்க் குடங்களுக்கு மரியாதை அதிகம். குடத்துக்காவது அடிபம்பு வரிசையில் ஓர் இடம் உண்டு. கிண்டிப் பூங்காவுக்குப் போய் மான் பார்க்க வேண்டும் என்று நான் வருஷக்கணக்காகக் கேட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளாததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. திடீரென்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவே என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு உன்னை மான் பாக்க அழைச்சுண்டு போறோம்" என்று சொன்னபோதுதான் ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலையிலிருந்தே வீடு அமர்க்களப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாடியைச் சொறிந்துகொண்டு பேப்பர் படிக்கும் அப்பா முகச்சவரம் செய்துகொண்டார். அம்மா பட்டுக்கரை போட்ட புடவையை எடுத்தாள். புளியோதரை, தயிர்சாதம், மெதுவடை என்று தூக்கு தூக்காக நிரம்பியது. சித்தப்பாவின் சட்டையை அம்மாவே நின்று இஸ்திரி போட்டாள். அப்பா கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "அடடே! நீங்க எங்க இங்க?" என்று விதவிதமான குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். மானைப் பார்த்ததும் இப்படித்தான் பேச வேண்டும் போலிருக்கிறது என்று நானும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

உண்மையில் அன்று பார்க்கப்பட வேண்டியது மான் அல்ல. சித்தப்பாவுக்குப் பெண். இது என்னைத் தவிர மயிலாப்பூரில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சித்தப்பா அப்பாவின் தம்பி. ஒரு பாங்கில் வேலை, கண்ணுக்குத் தடியான சோடாபுட்டிக் கண்ணாடி, பெண்கள் எதிரில் வந்தால் பேச்சு வராது. பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் குனிந்த தலை நிமிராமல் சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார். "பொண்ணு எப்படிடா?" என்று அப்பா கேட்டால், "தரை நன்னா இருந்தது. மொசைக்" என்பார். கடைசியாகப் போன இடத்தில், வேண்டாம் என்று சொல்லியனுப்பியதைக் கேட்டு அந்தப் பெண் அழுதாள் என்று யாரோ வந்து சொல்லிவிட்டார்கள். அன்றோடு சித்தப்பா வெகுண்டுவிட்டார்.

"இனிமே யாராத்துக்கும் போய் உட்கார்ந்து பஜ்ஜி தின்னுட்டு ஒரு பொண்ணை வேண்டாம்னு சொல்ல மாட்டேன் மன்னி. ரொம்பப் படுத்தினா நாக்பூருக்கு மாத்தல் வாங்கிண்டு போயிடுவேன்."

நாக்பூர் என்றதும் அம்மா அன்றைக்கே கல்யாணத் தரகரைக் கூப்பிட்டனுப்பினாள். அவரோடு கலந்து பேசி ஒரு வழி கண்டுபிடித்தாள். பெண்ணின் குடும்பம் அசோக் நகரில் இருந்தது. அவர்கள் குழந்தையை அழைத்துக்கொண்டு பூங்காவுக்கு வருவார்கள். நாங்களும் குழந்தையை அழைத்துக்கொண்டு போவோம். தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்திப்போம். பெண் மாம்பழக் கலர் புடவை கட்டியிருப்பாள், கூடவே அவள் அக்காவின் சின்னப் பையன் இருப்பான். அடையாளம் அவ்வளவுதான். யாருக்கும் மனசு நோகாது, யாரும் சொஜ்ஜி கிளற வேண்டாம் என்றதும் சித்தப்பாவும் சரி என்றார். 'குழந்தை' என்று இந்தத் திட்டத்தில் குறிப்பிடப்பட்டது நான்தான்.

பூங்காவுக்குள் நுழைந்து மயில் கூண்டைத் தாண்டியதும் அம்மா அப்பாவின் முழங்கையில் இடித்தாள். மரத்தடியில் மாம்பழக் கலர் புடவையில் ஒரு அக்கா நின்றிருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு என் வயதில் ஒரு பையன். பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய வயதான ஒரு மாமாவும் மாமியும். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்; நேரே போய், காலையிலிருந்து பழகிய குரலில், "அடடே! நீங்க எங்க இங்க?" என்றார்.

அந்த மாமா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு முகமெல்லாம் மலர, "வாடா வா! உன்னைப் பாத்து எத்தனை வருஷமாச்சு!" என்று அப்பாவின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

அப்பா தடுமாறி ஓர் அடி முன்னால் வந்து நின்றார். சமாளித்துக்கொண்டு அம்மாவின் காதில், "பெரிய மனுஷர் என்னமா நடிக்கறார் பாத்தியா" என்று கிசுகிசுத்தார்.

அவர் நடிக்கவில்லை. அவர் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவில் யாராவது சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தால், தன்னிடம் படித்தவன் என்றே வைத்துக்கொள்வார். பெயர் ஞாபகமில்லை என்று காட்டிக்கொள்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். இதெல்லாம் பிறகு தெரிந்த சங்கதி. அன்றைக்கு எல்லோரும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து, அவர்கள் கொண்டுவந்த சப்பாத்தியையும் எங்கள் புளியோதரையையும் பங்கு போட்டுக்கொண்டோம்.

"உனக்குக் கணக்குதான் வரவே வராது. இப்ப என்ன பண்றே?" என்று கேட்டார் மாமா.

"ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன் சார்."

"அடப் பாவமே" என்றார் மாமா. அது கம்பெனிக்காகச் சொன்னது. பெண்ணைப் பெற்றவரே இவ்வளவு மிடுக்காகப் பேசுகிறாரே என்று அப்பாவுக்கு உள்ளூர எரிந்திருக்க வேண்டும். ஆனாலும் நாக்பூரை நினைத்துப் பொறுத்துக்கொண்டார்.

அம்மா அந்த அக்காவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"பாட்டுக் கத்துண்டியோ?"

அக்கா அம்மாவைப் பார்த்தாள். ஜமக்காளத்தின் கோடியில் கோரைப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகு, "கத்துண்டேன் மாமி. டீச்சர்தான் பாதில ஊரை விட்டுப் போயிட்டா. என் குரல் தாங்காமதான்னு எங்காத்துல பேச்சு" என்றாள்.

"சமையல்?"

"ரசம் வைப்பேன். இதுவரைக்கும் யாரும் ரெண்டாந்தரம் கேட்டதில்லை."

அம்மாவுக்கு இப்படிப் பதில் சொல்லும் பெண்ணை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கடைசியில், ஏற்கெனவே தீர்மானித்திருந்தபடி, "நீங்க ரெண்டு பேரும் குழந்தைகளுக்கு மான் காட்டிட்டு வாங்கோளேன்" என்றாள்.

நாங்கள் நால்வரும் நடந்தோம். அந்தப் பையன் வழியெல்லாம், தன்னைப் பார்த்தால் மான் கிட்டத்தில் வரும் என்று பீற்றிக்கொண்டான். உன்னைப் பார்த்தால் ஆடுகூட வராது என்றேன் நான். சித்தப்பா வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். அதனால் மேலே கிளையில் இருந்த குரங்கை அவர் பார்க்கவில்லை.

அது இறங்கியதும் தெரியவில்லை, ஏறியதும் தெரியவில்லை. சித்தப்பாவின் தோளில் ஒரு கனம் விழுந்தது. அடுத்த நொடி அவருடைய கண்ணாடி மரத்தின் மேல் இருந்தது. குரங்கு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு காதில் மாட்டிக்கொண்டது.

"ஏய்! குடு! குடுன்னா!" என்று கத்திக்கொண்டே சித்தப்பா ஓடினார். ஓடியது வேறொரு மரத்தை நோக்கி. கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எல்லா மரமும் ஒன்றுதான்.

காவலாளி ஒருவர் விசில் அடித்துக்கொண்டு வந்தார். "இன்னா சார், நீ ஓடினா அது இன்னும் மேல பூடும். கம்முனு குந்து. துன்றதுக்கு எதுனா கீதா?"

பையன் வடை எடுத்துவர ஓடினான். நான் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுவந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்தேன். அக்கா எதிரே நின்றாள். எனக்கு விளங்காத அதிசயம் ஒன்று அப்போது நடந்தது. எந்தப் பெண்ணிடமும் வாயே திறக்காத சித்தப்பா, எதிரே ஒரு மஞ்சள் மூட்டமாகத் தெரிந்த உருவத்திடம் சரளமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"தப்பா நினைச்சுக்காதேங்கோ. பொண்ணு பாக்கப் போற எடத்திலயெல்லாம் தரையைத்தான் பாத்துட்டு வருவேன். இன்னிக்கு அதுவும் தெரியலை."

அக்கா சிரித்த சிரிப்பில் குரங்கு இன்னொரு கிளை மேலே போய்விட்டது. "தரையை எதுக்குப் பாக்கறேள்?" என்றாள்.

"நிமிர்ந்து பாத்தா, மார்க் போடற மாதிரி இருக்கு. அவா பாவம், தலை குனிஞ்சுண்டு உட்கார்ந்திருக்கா. நான் யாரு அவாளுக்கு மார்க் போட?"

அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பிறகு பெஞ்சின் மறுகோடியில் வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவர்கள் பாங்கைப் பற்றியும், அவள் ஆழ்வார்பேட்டையில் வேலை பார்த்த நர்சரிப் பள்ளியைப் பற்றியும், குழந்தைகள் சாக்பீஸ் தின்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பையன் வடையோடு வந்தான். குரங்கு வடையை வாங்கிக்கொண்டு, கண்ணாடியைச் சட்டை செய்யாமல் கீழே போட்டது. ஒரு பக்க லென்ஸ் தெறித்து உடைந்தது. இவ்வளவு அமளியில் மான் இருந்த பக்கமே நாங்கள் போகவில்லை. நான் அழத் தொடங்கினேன். என்னைச் சமாதானப்படுத்த யாருக்கும் நேரமில்லை.

திரும்பி ஜமக்காளத்துக்கு வந்தபோது அப்பாவும் ஹெட்மாஸ்டர் மாமாவும் சம்பந்திகளைப்போல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் தரகர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் சிடுசிடுத்த முகத்தோடு ஒரு குடும்பம். அதிலும் மாம்பழக் கலர் புடவை. அதிலும் ஒரு சின்னப் பையன்.

"என்ன சார், இங்க உட்கார்ந்துண்டு என்ன பண்றேள்? அவா அங்க வெயில்ல காஞ்சிண்டிருக்கா!"

அப்பாவுக்கு வெற்றிலை தொண்டையில் சிக்கிக்கொண்டது. வந்த பெண்ணைப் பார்த்தார், இருந்த பெண்ணைப் பார்த்தார். பிறகு ஹெட்மாஸ்டரிடம், "அப்போ... நீங்க யாரு?" என்றார்.

"நீ என்கிட்ட படிக்கலையாடா?" என்றார் அவர் பரிதாபமாக.

அசோக் நகர்ப் பெண்ணின் அம்மா எங்கள் வடைத் தூக்கை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அவர்கள் திரும்பி நடந்தார்கள். தரகர் தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். ஹெட்மாஸ்டரும் மாமியும் வெட்கப்பட்டு அவசர அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அக்கா மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சித்தப்பா முழுசாக இருந்த ஒற்றைக் கண்ணாடி வழியாக, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பார்ப்பவர்களுக்குக் கண்ணடிப்பதுபோல் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. "மாம்பழக் கலர்னா ஊர்ல ஒருத்திதான் கட்டுவாளா?" என்று அப்பா. "ஒரு வார்த்தை பேரைக் கேட்டுட்டு உட்காரப்படாதா?" என்று அம்மா. சித்தப்பா மட்டும் எதிலும் கலந்துகொள்ளவில்லை. கண்ணாடிக்குப் புது லென்ஸ் போட்டுக்கொண்டு வந்த அன்று சாதத்தைப் பிசைந்துகொண்டே, "மன்னி, அவா எங்க இருக்கான்னு விசாரிக்க முடியுமோ?" என்றார்.

"அசோக் நகர்க்காராளா? அவா இனிமே நம்ம முகத்துலயே முழிக்க மாட்டா."

"அவா இல்லை" என்றார் சித்தப்பா. அவர் காது சிவந்திருந்தது.

அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெயர் தெரியாது, விலாசம் தெரியாது. மான் பார்க்காத கோபத்தில் அதுவரை யாரோடும் பேசாமல் இருந்த நான், "கோபாலபுரம்" என்றேன். அந்தப் பையன் பீற்றிக்கொண்டதில் பாதி அவன் தாத்தா வீட்டைப் பற்றித்தான். வாசலில் பச்சை கேட், உள்ளே ஒரு கிளி, தபால்காரர் வந்தால் அது "சார் போஸ்ட்" என்று கத்தும் என்று சொல்லியிருந்தான். யாராவது என்னிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கோபாலபுரத்தில் பச்சை கேட்டுகளாகத் தேடி நடந்தார். நாலைந்து தெரு சுற்றியதும் ஒரு வேப்பமரத்து வீட்டுக்குள்ளிருந்து "சார் போஸ்ட்" என்று குரல் வந்தது. இந்த முறை அப்பா எதையும் ஒத்திகை பார்த்துக்கொண்டு போகவில்லை. உளறிக் கொட்டினார். அதுவே போதுமாக இருந்தது. தை மாதம் கல்யாணம். ஜாதகம் பொருந்தியதா என்று யாரும் இன்றுவரை வாய் திறந்ததில்லை.

கல்யாணமாகிச் சில மாதங்கள் கழித்து, மொட்டைமாடியில் வடாம் காவலுக்கு நானும் சித்தியும் உட்கார்ந்திருந்தபோது அவரிடம் கேட்டேன். "நாங்க தப்பான ஆளுன்னு உங்களுக்குத் தெரியாதா சித்தி?"

"உங்கம்மா பாட்டுக் கத்துண்டியோன்னு கேட்டவுடனேயே தெரிஞ்சுடுத்து."

"அப்ப ஏன் சொல்லலை?"

சித்தி ஒரு காக்கையை விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். "அதுக்கு முன்னாடி எத்தனையோ பேர் எங்காத்துக்கு வந்து என்னைப் பாத்துட்டுப் போயிருக்கா. அன்னிக்குத்தான் யாரும் என்னைப் பாக்க வரலை. நிம்மதியா இருந்தது, உட்கார்ந்துட்டேன்."

எனக்கு அது சுத்தப் பொய்யாகப் பட்டது. அன்றைக்கு அம்மா, அப்பா, நான் என்று எல்லோரும் அவரை விட்டுக் கண்ணை எடுக்காமல்தான் உட்கார்ந்திருந்தோம். பெரியவர்கள் சில சமயம் இப்படி ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு, காயாத வடாம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.