அத்தானுக்கு வேண்டியிருந்த நாக்கு

பாட்டிலைக் குலுக்கும்போது அத்தான் அதைக் காதோடு சேர்த்து வைத்துக்கொள்வார். பழைய ஜாம் பாட்டில். உள்ளே நாரத்தங்காய்ச் சாறு, எண்ணெய், உப்பு, கொஞ்சம் தேன், பச்சையாக அரைத்த கடுகு. முதலில் சளக் சளக்கென்று தண்ணீர் மாதிரி கேட்கும். குலுக்கக் குலுக்கச் சத்தம் கனத்து, ஒரு கட்டத்தில் மொத்தையாகிவிடும். "இப்பம் சேந்துட்டு" என்பார். திறந்து பார்த்தால் எண்ணெயும் சாறும் பிரியாமல் இளமஞ்சளாகக் கெட்டியாக நிற்கும். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். எண்ணெயும் நீரும் எப்படிச் சேர்கின்றன என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை படம் போட்டிருக்கிறேன். அது காதுக்குக் கேட்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அத்தான் என் அக்காவின் கணவர். வளைகுடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் சாலட் பிரிவிலேயே பதினான்கு வருடம் நின்றவர். ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது மூக்கையும் கொண்டு போய்விட்டது. மணம் போனதும் ருசியும் கூடவே போயிற்று. கருவாடும் அல்வாவும் வாயில் ஒன்றுதான் என்று அக்காவிடம் சொல்லி அழுதாராம். ஊருக்குத் திரும்பி ஆரல்வாய்மொழி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் கன்னியாகுமரியில் புதிதாகத் திறந்த ஹோட்டலிலிருந்து கூப்பிட்டார்கள். சனிக்கிழமை வந்து முதலாளி முன்னால் ஒரு சாலட் செய்து காட்ட வேண்டும். "இதும் போச்சுன்னா பின்ன நான் ஒரு அடுக்களைக்கும் போவ மாட்டேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள் என்பதால் அக்கா பயந்துபோனாள்.

சாலட்மேல் ஊற்றுவதற்குத்தான் அந்தப் பாட்டில் கலவை. அதை ருசி பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அக்கா ஒத்துவரமாட்டாள். "பச்ச இலைய ஆடுல்லா திங்கும்" என்கிற கட்சி அவள். பள்ளிக்குக் கோடை விடுமுறை. எனக்கோ எதையும் தோண்டித் தோண்டிக் கேட்காவிட்டால் தூக்கம் வராது. ஆகவே திங்கட்கிழமை காலை நான் போய் நின்றேன்.

முதல் நாளே ஒரு கூத்து. எண்ணெய் எடு என்றார், எடுத்துக் கொடுத்தேன். எங்கள் ஊரில் எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய்தானே! பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து மதியம் எடுத்தால், மேலே வெள்ளையாக மெழுகு போல உறைந்து கிடக்கிறது. அத்தான் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. "நீ புள்ளையளுக்கு என்னத்தயாக்கும் படிச்சுக் குடுக்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது என்று அக்கா பிறகு சொன்னாள்.

அதற்குப் பிறகு சூரியகாந்தி எண்ணெய். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். கடுகு எதற்கு? நம்ம கல்யாண வீட்டில் தயிர் விட்டுச் செய்கிற வெள்ளரிக்காய் கிச்சடிக்கும் பச்சைக் கடுகுதானே அரைக்கிறோம், அது வேறு இது வேறா? தேனை முதலில் விட்டால் என்ன? அத்தான் சலிக்காமல் பதில் சொல்வார். சொல்லிக்கொண்டே நாரத்தங்காயின் பச்சைத் தோலைத் துருவிப் போடுவார். பிறகு ஒரு வெள்ளரித் துண்டை முக்கி என்னிடம் நீட்டுவார். நான் கடிப்பேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் துண்டே கசந்தது. கொஞ்சம்தான், ஆனால் கசப்புதான். சொல்ல வாயெடுத்தேன், வந்த வார்த்தை என்னவோ "கொள்ளாம் அத்தான், நல்லாருக்கு."

இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். எங்கள் வீட்டில் மருமகன் செய்ததை யாரும் குறை சொன்னதில்லை. அத்தான் மாப்பிள்ளையாக வந்த புதிதில் மாம்பழம் வாங்கி வந்தார். பல் கூசுகிற புளிப்பு. அப்பா இரண்டாவது துண்டு கேட்டு வாங்கித் தின்றார். பாவாடை கட்டிய பிள்ளையாக நான் முகம் சுளித்ததற்கு அம்மா தொடையில் கிள்ளியது இன்னும் நினைவிருக்கிறது. "மாப்பிள்ள கொண்டாந்தது. குத்தம் சொல்லப்பிடாது." அந்தக் கிள்ளு முப்பத்தெட்டு வயதிலும் என் நாக்கைப் பிடித்து வைத்திருந்தது.

செவ்வாயும் கொள்ளாம், புதனும் கொள்ளாம், வியாழனும் கொள்ளாம். அத்தான் என்னை நம்பி அந்த அளவையே உறுதியாக்கிக்கொண்டார். தோல் துருவலைக்கூடக் கொஞ்சம் கூட்டினார். மணம் தெரியாத மனிதர், பச்சைத் தோலோடு நிறுத்த வேண்டியதை அடியிலுள்ள வெள்ளைத் தோல்வரை துருவுகிறார். எனக்கும் அது கண்ணில் படவில்லை. வெள்ளிக்கிழமை காலை, முந்தின நாள் பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, என்ன ஆகியிருக்கிறது பார்ப்போம் என்று விரலில் தொட்டு நக்கினேன். ஐயோ! வேப்பெண்ணெய் தோற்றது. இரவெல்லாம் ஊறி ஊறிக் கசப்பு முழுக்க இறங்கியிருந்தது. மறுநாள் முதலாளி முன்னால் வைக்கப்போவது இதைத்தான்.

அத்தானிடம் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் பாட்டிலை வாங்கி வைத்துவிட்டு, "அப்பம் நாலு நாளா பொய்யா சொன்ன?" என்று கேட்டார். கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டார். ஒரு புது நாரத்தங்காயை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு, "மக்கா, எனக்கு இப்பம் கொழுந்தியா வேண்டாம் கேட்டியா. ஒரு நாக்குதான் வேணும். உள்ளத சொல்லு" என்றார்.

சரி என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அன்று மதியத்துக்குள் ஏழு தடவை கலக்கினார். "கசக்கு." "உப்பு போராது." "தேன் கூடிப்போச்சு, பாயசமாட்டு இருக்கு." ஐந்தாவது தடவை எனக்கே தெரியாமல், "சவத்தக் கொண்டு களையுங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது! பாட்டிலை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டு அடுத்த காயை எடுத்தார். ஏழாவதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புளிப்பும் மணமும் முன்னால் வந்து, கடுகின் காரம் பின்னால் மெல்ல ஏறியது. நல்லாருக்கு என்றேன். உண்மையிலேயே நல்லாருந்தது.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அடுக்களை வாசலில் ஒரு நாற்காலி போட்டுத் தந்தார்கள். முதலாளி ஒரு வாய் தின்றார், இன்னொரு வாய் தின்றார், எப்போது வேலைக்கு வருகிறீர்கள் என்று கேட்டார். அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "எனக்கு மணமும் ருசியும் தெரியாது, சார். ஒரு ஆளு தின்னு பாத்து உள்ளத சொல்லணும். சொன்னா நான் சரியாக்கிருவேன்." கைக்கு வந்ததைத் தட்டிவிடுகிறாரே மனுசன்! முதலாளி கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து இவர் என்ன செய்தாலும் நீங்கள்தான் தின்று பார்க்க வேண்டும்" என்றார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மூக்கு இன்னும் திரும்பவில்லை. ருசி சரியில்லையென்றால் அந்த ஹோட்டல் அம்மா வாய்க்கு வந்தபடி திட்டுவாராம். அத்தான் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். அத்தான் வெள்ளரிக்காயும் மாதுளையும் போட்டு ஒரு கிண்ணம் கலந்து வைத்தார். அம்மா ஒரு வாய் போட்டதுமே, "மாப்பிள்ள கை பட்டா தனி ருசியாக்கும்" என்றாள். அத்தான் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உப்பு கூடிப்போச்சு அத்தான்" என்றேன்.

"ஏட்டி!" என்றாள் அம்மா.

"சும்மா இருங்க அத்த" என்று சொல்லிவிட்டு அத்தான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். இன்னும் கொஞ்சம் வெள்ளரி நறுக்கிப் போட்டுத் திரும்பி வந்து, வீட்டில் அத்தனை பேர் இருக்க, அதை என் முன்னால் வைத்தார்.