எந்த மாமா?

பலர் சேர்ந்து கை தட்டும் சத்தம் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு ஆவதில்லை. நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஆண்டு விழாவில்கூட, பரிசு கொடுக்கும் நேரம் பார்த்து ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய் நின்றுகொள்கிறேன். எல்லாம் ஒரு கூட்டத்துக்குப் போய் வந்ததிலிருந்து.

புனேயில் லோஹேகாவ் பக்கம் ஒரு பள்ளியில் நான் கவுன்சலர். கணவர் விமானப்படையில் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் புனேயிலேயே தங்கிவிட்டோம். பிள்ளைகளின் அழுகையை இந்தியில் கேட்டு, மராத்தியில் ஆறுதல் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதி வைப்பது என் பிழைப்பு. தமிழ் வீட்டோடு சரி. அந்த வீட்டுத் தமிழுக்காகத்தான் என்னை அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்.

கூட்டத்துக்கு 'குழந்தைப் பாதுகாப்பில் கூட்டுக் கற்றல்' என்று பெயர். பள்ளிக்காரர்கள், போலீஸ், அரசு மருத்துவமனை டாக்டர்கள், குழந்தைகள் நலக் குழு, ஹெல்ப்லைன் நடத்தும் தொண்டு நிறுவனம் என்று எல்லாத் தரப்பும் வந்திருந்தது. ஒரு குழந்தைக்கு ஆபத்து என்றால் இவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடக் கூடாது, சேர்ந்து ஓட வேண்டும். ஓடி முடித்த பிறகு எங்கே தடுக்கினோம் என்று சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். நல்ல யோசனைதான், அதோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அன்றைக்கு யாரும் தடுக்கிய கதையைப் பேச வரவில்லை. வெற்றிக் கதை ஒன்றை எடுத்துவைத்து, ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுக்க வந்திருந்தார்கள். கதையில் வரும் குழந்தை தமிழ்க் குழந்தை என்பதால், கடைசியில் எனக்கும் பத்து நிமிடம்: தமிழ்க் குடும்பங்களின் பண்பாடு பற்றிப் பேச வேண்டுமாம். இட்லி சாம்பாரைத் தாண்டி என்ன எதிர்பார்த்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

குழந்தை எட்டு வயதுப் பெண். அப்பா அம்மா இருவரும் கோயம்புத்தூர்க்காரர்கள். ஹடப்சரில் ஐடி வேலை. ஊரிலிருந்து வந்து அதிக நாள் ஆகாததால் குழந்தைக்கு இந்தி அரைகுறை. ஒரு நாள் விளையாட்டுப் பீரியடில் சட்டைக் கை மேலேறியபோது, தோளுக்குக் கீழே கன்றிப்போயிருந்ததை டீச்சர் பார்த்திருக்கிறார். யாரோ கிள்ளிக் கிள்ளிக் கன்றிய தடங்கள். யார் செய்தது என்று கேட்டதற்கு அவள் சொன்ன ஒரே வார்த்தை, "மாமா."

மராத்தியிலும் இந்தியிலும் மாமா என்றால் அம்மாவோடு பிறந்தவன். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தான். ஊருக்கு வெளியே சாகணில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனிக்குப் போய்க்கொண்டு அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தான். கல்யாணம் ஆகாத இளைஞன். அவ்வளவுதான், ஆள் கிடைத்துவிட்டான்.

பள்ளி ஹெல்ப்லைனிடம் சொன்னது. ஹெல்ப்லைன் குழுவிடம் சொன்னது. குழு போலீஸிடம் சொன்னது. டாக்டர் கையைப் பார்த்தார். ஒவ்வொருவரும் குழந்தையிடம் அன்பாகத்தான் கேட்டார்கள்: மாமாதானே? அவளும் ஆமாம் என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் மற்றவனைப் பார்த்து எழுதினால் ஈயடிச்சான் காப்பி என்று அடிப்போம். பெரியவர்கள் செய்தால் அதற்கு ஒருங்கிணைப்பு என்று பெயர்.

அம்மாவிடம், உங்கள் தம்பியைக் குழந்தை அடையாளம் சொல்லிவிட்டாள் என்றார்கள். இதைப் பற்றிக் குழந்தையிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினால் சாட்சி கெட்டுவிடும் என்றும் சொல்லிவைத்தார்கள். நல்ல விதிதான். அந்த அம்மாவும் பயந்துகொண்டு வாயைக் கட்டிக்கொண்டாள். தம்பியை வீட்டை விட்டு அனுப்பினார்கள். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி வரச் சொல்லி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அக்கா வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள்.

இதையெல்லாம் ஹெல்ப்லைன் அமைப்பின் அதிகாரி ஒரு பெண்மணி, திரையில் படம் படமாகப் போட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். குழந்தை வரைந்த பூ ஒன்றையும் போட்டார், மூலையில் தங்கள் சின்னத்தை ஒட்டி. அப்போதே எனக்கு முகம் சுளித்தது. அடுத்து 'பாதுகாப்புத் திட்டம்' என்று ஒன்று வந்தது. முன்பெல்லாம் ஷிப்ட் முடிந்து வரும் தம்பிதான், பள்ளி விட்டு எதிர் வீட்டில் இருக்கும் குழந்தையைச் சீக்கிரம் கூட்டிப் போவானாம். இப்போது அவன் இல்லாததால், அப்பா அம்மா வரும்வரை அவள் முழு நேரமும் அங்கேயே இருக்கிறாளாம். எதிர் ஃபிளாட்டில் இருக்கும் வயதான தம்பதி. பாங்கில் ஓய்வு பெற்றவர். அதே மொழி, அதே பண்பாடு, நம்பகமானவர்கள். மாலை நேரங்களில் மட்டும் குழந்தை இன்னும் அழுகிறாள், படுக்கையை நனைக்கிறாள். பழைய பயம் போக நாளாகும் என்று முடித்தார்.

எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்கு என்னவோ நெஞ்சில் இடறியது. என்ன என்று பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்து டீ வந்தது. அந்த அலுவலகத்துப் பியூன் தட்டோடு வாசலில் நின்றார். என் பக்கத்திலிருந்த போலீஸ் அதிகாரி, ஒரு பெண், கையை உயர்த்தி, "மாமா, சஹா இகடே ஆணா" என்றார். டீயை இந்தப் பக்கம் கொண்டு வரச் சொன்னார். பின் வரிசையிலிருந்து டாக்டர், "மாமா, பின் சாக்கர்" என்றார். அவருக்குச் சர்க்கரை இல்லாமல் வேண்டும். ஹால் முழுக்க மாமா, மாமா என்று குரல். இந்த ஊரில் பியூன் மாமா, ஆஸ்பத்திரி வார்டு பாய் மாமா, சிக்னலில் விசில் ஊதும் டிராபிக் போலீஸும் மாமா. தமிழ் வீட்டில் கேட்கவே வேண்டாம். வீட்டுக்கு வரும் எந்த ஆம்பிளையைக் காட்டியும் 'மாமாவுக்கு வணக்கம் சொல்லு' என்றுதான் குழந்தையை வளர்க்கிறோம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மைக் எல்லாம் கேட்கவில்லை. எழுந்து நின்று, பியூனைக் காட்டி, இவர் இங்கே யாருடைய அம்மாவுக்குத் தம்பி என்று கேட்டேன்.

சிரித்தார்கள். பண்பாட்டுப் பேச்சை நான் வேடிக்கையாகத் தொடங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

குழந்தையிடம் எந்த மாமா என்று யாராவது கேட்டீர்களா என்றேன். சிரிப்பு நின்றது. டீச்சர் ஹெல்ப்லைனைப் பார்த்தார். ஹெல்ப்லைன் அதிகாரி, தங்களுக்கு வந்த தகவலிலேயே தாய்மாமன் என்று இருந்தது என்றார். குழு உறுப்பினர் போலீஸ் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தாராம். போலீஸ் குழு கேட்டிருக்கும் என்று நினைத்ததாம். டாக்டர், காயத்தைப் பார்ப்பதுதான் தன் வேலை என்றார். ஊர் கூடித் தேர் இழுத்திருக்கிறார்கள். தேர் எந்தத் தெருவில் போகிறது என்று பார்க்க மட்டும் ஆள் இல்லை. சீ என்று இருந்தது.

அம்மாவுக்கு ஃபோன் போடுங்கள் என்றேன். கேஸ் மூடியாகிவிட்டதே என்று இழுத்தார் ஹெல்ப்லைன் அதிகாரி. நான் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொடுத்தார். நான் யார் என்று சொல்லிவிட்டுத் தமிழில் கேட்டேன். "எதிர் வீட்டுப் பெரியவர உங்க பொண்ணு எப்படிங்க கூப்பிடுவா?"

"மாமான்னுதாங்க்கா. நாங்கதான் சொல்லிக் குடுத்தோம். தாத்தான்னா அவருக்குப் புடிக்காதுங்க, பெரியவங்களப் பேர் சொல்லிக் கூப்புட்டா நல்லா இருக்காதுங்களே."

"உங்க தம்பிய?"

"அவனையா? அவன எங்கீங்க்கா மாமாங்கறா. தடியான்னுதான் கூப்புடுவா. மாமான்னு மரியாதையாக் கூப்புடு கண்ணுன்னு நானும் எத்தன வாட்டி சொல்லியிருப்பேன், அவனும் சிரிச்சுட்டு..."

நின்றுவிட்டாள். அவள் ஆபீஸில் யாரோ பேசுவது மட்டும் கேட்டது. பிறகு, "அக்கா, இப்ப அவ அங்கதானுங்க இருக்கா" என்றாள். லைன் துண்டாகிவிட்டது.

நான் விஷயத்தைச் சொன்னேன். குழந்தை இப்போது, இந்த நிமிடம், அந்த ஆளின் வீட்டில் இருக்கிறாள் என்றேன். அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எச்சில் கசக்கிறது. மூடிய கேஸைத் திறக்க முடியாது, புது எண் போட வேண்டும் என்றார் ஒருவர். அதற்குப் பள்ளியிலிருந்து மறுபடி புகார் வர வேண்டும். குழு கூடினால்தான் உத்தரவு. அந்தக் கட்டடம் எந்த ஸ்டேஷன் எல்லை என்று ஒரு விவாதம். தலைமை தாங்கியவர், இது மிக முக்கியமான கற்றல், அடுத்த கூட்டத்தில் முதலில் எடுத்துக்கொள்வோம் என்றார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்துவிட்டு, பூனையைத் துரத்துவது யார் பொறுப்பு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். குரூப் போட்டோ எடுக்க வந்தவர் வேறு, வெளிச்சம் போகிறது, சீக்கிரம் வாருங்கள் என்றார்.

டீ கேட்ட அந்தப் போலீஸ் பெண்மணி மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சலா" என்றார். வாருங்கள் போகலாம் என்று அர்த்தம். அன்றைக்கு நான் கேட்ட ஒரே உருப்படியான வார்த்தை அதுதான்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அம்மா ஸ்கூட்டியில் வந்துவிட்டிருந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், யூனிஃபார்மோடு இருந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். எதிர் வீட்டுக் கதவுக்குள்ளிருந்து அந்த ஆளின் மனைவி, "பெத்த கொழந்தையாட்டம் பாத்துக்கிட்டோம், நல்லதுக்குக் காலமில்ல" என்று ஊருக்குக் கேட்கும்படி புலம்பினாள். அவர் உள்ளே டிவியை அணைக்கவே இல்லை. வெள்ளை பனியனும் விபூதியுமாக உட்கார்ந்திருந்தார்.

நான் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன். கை ஏன் கன்றியிருக்கிறது என்று மட்டும் குழந்தையிடம் கேட்டேன். சட்டைக் கையை அவளே சுருட்டினாள். பழைய தடங்களுக்குப் பக்கத்தில் புதுத் தடங்கள். இப்போதெல்லாம் தானே குளித்துக்கொள்கிறாள், பெரிய பெண் ஆகிவிட்டாள் என்று அம்மா பெருமைப்பட்டிருக்கிறாள்.

"சத்தம் போட்டாக் கிள்ளுவாங்க. அழுதா இன்னும் கிள்ளுவாங்க" என்றாள் குழந்தை.

"யாரு கண்ணு?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் எரிச்சல்தான் இருந்தது. எதிர்க் கதவைக் காட்டி, "மாமா. நான் சொன்னனே. எல்லா மேடத்துகிட்டயும் சொன்னேன். மாமா வீட்டுக்கு அனுப்பாதீங்கன்னுகூட இந்தில சொன்னேன்" என்றாள்.

சொல்லியிருக்கிறாள். 'மாமா கே கர் நஹீ' என்று ஹெல்ப்லைன் அலுவலகத்திலேயே அழுதிருக்கிறாள். பயப்படாதே, மாமாவைத்தான் வெளியே அனுப்பிவிட்டோமே என்று சாக்லேட் கொடுத்து, எதிர் ஃபிளாட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

அதன் பிறகு நடக்க வேண்டியது நடந்தது. அந்த ஆள் மேல் வழக்கு, புது எண்ணோடு. குழந்தையின் குடும்பம் வேறு கட்டடத்துக்கு மாறியது. அம்மா வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள். கூட்டுக் கற்றலும் நிற்கவில்லை. அடுத்த கூட்டத்தில் இந்தக் கதையையே போட்டார்கள். திரையில் இரண்டு ஆண்களின் படம், நடுவே 'மாமா' என்று பெரிய எழுத்து, கீழே 'மொழி உணர்வு'. தவறை வெளிப்படையாக ஒத்துக்கொண்டார்களே என்று பாராட்டிக் கை தட்டினார்கள். எட்டு வயதுக் குழந்தையின் தோல் அவர்களுக்கு ஒரு பாடமாக இருந்திருக்கிறது. நான் எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கும் எனக்கென்று ஒதுக்கியிருந்த பத்து நிமிடத்தை யாரோ நிரப்பியிருப்பார்கள்.

தம்பியிடம் எழுதி வாங்கியதை ரத்து செய்தார்கள். அவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எந்தத் துறை கேட்க வேண்டும் என்று இன்னும் முடிவாகவில்லை போலிருக்கிறது. சாகணில் கூட வேலை பார்ப்பவர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். அக்கா எத்தனை கூப்பிட்டும் திரும்பி வரவில்லை.

தீபாவளிக்கு அவர்களுடைய புது வீட்டுக்கு நான் போயிருந்தபோது அவனைப் பார்த்தேன். பலகாரப் பொட்டலத்தோடு வந்து, வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தான். அக்கா என்னை அறிமுகம் செய்து, இவங்கதான் அந்த மேடம் என்றாள். அவன் எழுந்து கும்பிட்டான். குரல் கேட்டு உள்ளிருந்து "தடியா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்த குழந்தை, தாவி அவன் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் இரண்டு கைகளையும் அவள் மேல் படாமல் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டான். அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, இவள எறக்கி உடு" என்றான்.