பதினோரு ஆண்டுகளாக அடிக்காத மணி

குழந்தைகள் நலப் பிரிவில் ஒரு பெட்டி உண்டு. குழந்தை வயதுக்கேற்ப வளர்கிறதா என்று சோதிப்பதற்கான பெட்டி. உள்ளே பத்துச் சிவப்பு மரக்கட்டைகள், ஒரு கிலுகிலுப்பை, ஒரு பந்து, ஒரு துணிப் பொம்மை, கைப்பிடி வைத்த சின்ன வெண்கல மணி. வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியும் நேற்றுப் பிரித்தது போல் பளபளக்கும். இந்தப் பராமரிப்பின் ரகசியம் எளியது. பதினோரு ஆண்டுகளில் ஒரு குழந்தையின் கைகூட அதன்மேல் பட்டதில்லை.

பெட்டி ஸ்டோர் அறைப் பீரோவில் இருந்தது. பீரோவின் சாவி இன்னும் முப்பத்தாறு சாவிகளோடு ஒரே கொத்தாக ஸ்டோர்கீப்பரின் இடுப்பில் தொங்கியது. அவர் வருவதற்கு ஒரு நிமிடம் முன்னாலேயே அவருடைய சாவிக்கொத்து வந்துவிடும். தாழ்வாரத்தில் அந்தச் சத்தம் கேட்டால் போதும், உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். பொருளை எடுத்துப் பயன்படுத்துவது ஆஸ்பத்திரிகளைப் பிடிக்கும் ஒருவகை நோய், அது பரவாமல் தடுத்துக்கொண்டிருப்பது தான் ஒருவர் மட்டுமே என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

ஆனால் இந்தச் சரித்திரத்தின் நாயகர் அவரல்ல. அதே பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக எடை பார்த்து, ஊசி போட்டு, அட்டையில் குறித்துக்கொண்டிருக்கும் சிஸ்டர். படபட சிஸ்டர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நாற்பத்தெட்டு வயது. உயரம், மருந்து அலமாரியின் மூன்றாவது தட்டுவரை. கோபமும் மூக்குக் கண்ணாடியும் மூக்கின் நுனியிலேயே நிற்பதால் இரண்டும் அடிக்கடி வழுக்கி விழும். கணவர் பஸ் டிரைவர். நாள் முழுக்க ஹாரன் கேட்டு வீடு திரும்புகிற மனிதர், மனைவி அரைமணி நேரம் பொரிந்து தள்ளியபின் தலையைத் தூக்கி, "ஏதாவது சொன்னியா?" என்று கேட்பார். அவரை ஒருநாள் காது டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சிஸ்டர் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதையும் அவர் கேட்டதில்லை.

சிஸ்டரிடம் வாரம் ஒருமுறை நர்சிங் மாணவிகள் நோட்டோடு வந்து சுவரோரம் நிற்பார்கள். மூன்றாம் மாதம் கழுத்து நிற்கும், ஐந்தில் குப்புற விழும், ஆறில் சத்தம் வரும் பக்கம் திரும்பும், எட்டில் தானாக உட்காரும் என்று ஒப்பிப்பார்கள். சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்து அந்தப் பெட்டியைக் கலர் பென்சிலால் வரைவார்கள். மணியை வரைந்து பத்துக்குப் பத்து வாங்கிய நர்சுகள் இன்று எத்தனையோ ஊர்களில் வேலை பார்க்கிறார்கள். அதன் சத்தம் எப்படி இருக்கும் என்று சொல்ல அவர்களில் ஒருத்தியாலும் முடியாது.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு மாணவியின் கை தவறி ஸ்டீல் ட்ரே தரையில் விழுந்தது. கத்தரிக்கோல், கிண்ணம், இடுக்கி எல்லாம் சேர்ந்து எழுப்பிய சத்தத்தில் எடை மேஜையைச் சுற்றியிருந்த பதினோரு குழந்தைகளும் வீறிட்டன. மாணவிகள் காதைப் பொத்தினார்கள். பன்னிரண்டாவது குழந்தை மட்டும், அம்மாவின் தோள்மேல் சாய்ந்தபடி, தன் தடுப்பூசி அட்டையின் மூலையை நிதானமாகச் சப்பிக்கொண்டிருந்தது.

பத்து மாதப் பெண் குழந்தை. வீட்டில் பொம்மி என்று கூப்பிடுவார்கள். அம்மா ஆயத்த ஆடைக் கம்பெனியில் பட்டன் தைப்பவள்.

"பாத்தீங்களா சிஸ்டர், எம்பொண்ணு எவ்ளோ சமத்துனு," என்றாள் அம்மா பெருமையாக. "அறுபது மிஷின் ஓடுற எடத்துக்குப் பக்கத்து ரூம்லதான் போட்டிருப்பேன். மத்ததுங்க எல்லாம் அலறும். இது மட்டும் கும்முனு தூங்கும்."

சிஸ்டர் குழந்தையின் வாயிலிருந்து அட்டையை மெல்லப் பிடுங்கினார். ஈரமான மூலைக்குச் சற்று மேலே ஆறாம் மாதக் கட்டம். சத்தத்துக்குத் திரும்புகிறது: ஆம். பக்கத்தில் அவருடைய கையெழுத்து.

சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட மாணவி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "இத எத வச்சு டெஸ்ட் பண்ணீங்க சிஸ்டர்?"

"கை தட்டி."

"முன்னாடி நின்னுட்டா?"

சிஸ்டருக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. யார்மீது என்று சுற்றும் முற்றும் தேடினார். அந்தச் செவ்வாய்க்கிழமை தன்னைத் தவிர வேறு யாரும் அகப்படவில்லை. முன்னால் நின்று கை தட்டினால் குழந்தை கையைப் பார்த்துத் திரும்பும். இது முதல் வருடப் பாடம். பதினான்கு ஆண்டுகளாக, கூட்டத்துக்கு நடுவே, நின்ற இடத்தில் நின்றபடி தட்டி, திரும்பியது திரும்பியது என்று எத்தனை அட்டையில் எழுதியிருப்பார்? அதை எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

குழந்தையின் பின்னால் போய், நிழல்கூட விழாத இடத்தில் நின்று கை தட்டினார். கூப்பிட்டார். டம்ளரில் ஸ்பூனால் தட்டினார். பொம்மி எதிரில் நின்ற மாணவியின் சட்டைப் பட்டனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டா திரும்பாது சிஸ்டர். திமிரு. அவங்கப்பா மாதிரியே," என்று சிரித்த அம்மா, சிஸ்டரின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

"ஆ, ஊ, பா பானு ஏதாவது பேசுறாளாம்மா?"

"முன்ன ஓயாம பேசிச்சு. இப்ப ரெண்டு மூணு மாசமா கொறைஞ்சிடுச்சு. சமத்தாயிட்டானு நெனச்சேன்."

ஒரு வயதுக்குள் காதுக் கருவி மாட்டினால் குழந்தை பேச்சைப் பிடித்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் குழந்தையின் வாயிலிருந்து சொற்களைப் பிடுங்கிக்கொண்டு போகும். இது தெரிந்த சிஸ்டர் அன்றே செவித்திறன் மையத்துக்குப் படிவம் எழுதினார். சோதித்த உபகரணம் என்ற இடத்தில் உண்மையை எழுதினார்: ஸ்பூன், டம்ளர்.

பன்னிரண்டு நாளில் படிவம் திரும்பி வந்தது. ஸ்பூன் அங்கீகரிக்கப்பட்ட உபகரணமல்ல என்றும், உரிய மணியால் சோதித்து ஸ்டோர் ரிஜிஸ்டரில் உள்ள மணியின் இருப்பு எண்ணையும் குறிப்பிட்டு அனுப்பினால் பரிசீலிக்கப்படும் என்றும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

சிஸ்டர் ஸ்டோர் அறைக்குப் போனார்.

"மணியா?" என்றார் ஸ்டோர்கீப்பர், யாரோ அவருடைய சிறுநீரகத்தைக் கேட்டது போல. "எதுக்கு?"

"அடிக்கறதுக்கு."

"அடிச்சா தேய்மானம் ஆகும்லமா."

"மணின்னா அடிக்கத்தான சார்?"

"நீங்க அப்படிப் பாக்கறீங்க. ரிஜிஸ்டர்ல அது ஒரு பொருள். பொருள் வேணும்னு இண்டென்ட் எழுதிப் போடுங்க, மூணு கையெழுத்து வாங்குங்க, பாக்கலாம்."

இரண்டு கையெழுத்து ஒரு வாரத்தில் கிடைத்தது. மூன்றாவது, நர்சுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரனுடையது. மேட்ரன் கெட்டவரல்ல, பயந்தவர். "அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு சிஸ்டர். பெட்டியில ஒரு கீறல் விழுந்தாலும் என் தலைதான் உருளும். அது முடியட்டும்."

"அது முடியறதுக்குள்ள குழந்தைக்குப் பதினொரு மாசம் முடிஞ்சிடும் மேடம்."

"ஒரு மாசத்துல என்ன ஆயிடப்போகுது?"

ஒரு மாதத்தில் குழந்தைக்கு என்னவெல்லாம் ஆகும் என்பதை அந்த அறைச் சுவரிலேயே படம்போட்டு ஒட்டியிருந்தார்கள். படம் மேட்ரனுடைய தலைக்கு நேர் மேலே இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

அன்று இரவு சாப்பாட்டின்போது சிஸ்டர் பொரிந்தார். தேய்மானமாம். பதினோரு வருஷமா பூட்டி வச்ச மணிக்குத் தேய்மானமாம். கேட்காத பிள்ளைக்குக் கேட்காத மணி, என்ன பொருத்தம்.

"ஏதாவது சொன்னியா?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

இன்ஸ்பெக்‌ஷன் நாள் வந்தது. வெள்ளைத் துணி விரித்த மேஜையில் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். ஸ்டோர்கீப்பர் பொண்ணு வீட்டுக்காரர் போல் பக்கத்திலேயே நின்றார். கட்டைகளை அடுக்கிக் காட்டுவதற்கென்று மேட்ரனின் தங்கை பேரனை, ஒன்றரை வயது, குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வரவழைத்திருந்தார்கள். வீட்டில் ஒரு வாரம் ஒத்திகை. சிவப்புக் கட்டையைக் கையில் கொடுத்ததும் பேரன் அதை நேரே வாயில் போட்டுக்கொண்டான்.

"கண்ணா, அடுக்கணும், அடுக்கணும்," என்று மேட்ரன் கெஞ்சினார்.

"பல்லு பதியுது மேடம், பல்லு பதியுது," என்று முனகினார் ஸ்டோர்கீப்பர்.

ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரி தலையாட்டிக்கொண்டே பார்வைப் புத்தகத்தைப் புரட்டினார். எல்லோருடைய கண்ணும் பேரனின் வாயில் இருந்த நேரம், சிஸ்டர் மேஜையருகே போனார். சிஸ்டர் சொன்னபடி வாசலில் காத்திருந்த பொம்மியின் அம்மா உள்ளே வந்து, குழந்தையை மடியில் வைத்து அதிகாரிக்கு முகம் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிஸ்டர் மணியை எடுத்து, குழந்தையின் பின்னால், காதுமட்டத்தில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து அடித்தார்.

நல்ல மணி. கணீரென்று இருந்தது.

அதிகாரி நிமிர்ந்தார். மேட்ரன் திரும்பினார். மாணவிகள் வரிசையாகத் திரும்பினார்கள். பேரன் கட்டையைத் துப்பிவிட்டுத் திரும்பினான். ஸ்டோர்கீப்பர் நெஞ்சில் கை வைத்துத் திரும்பினார். மணிக்கு மிக அருகில் இருந்த ஆள் மட்டும் திரும்பவில்லை. பொம்மி அதிகாரியின் பேனாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு பக்கமும் அடித்தார். பொம்மி அப்போதும் திரும்பவில்லை. குழந்தையின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்ன இது?" என்றார் அதிகாரி.

"பெட்டி நல்ல நிலைமைல இருக்கானு நீங்க பாக்கணும்ல சார். பாத்துட்டீங்க," என்ற சிஸ்டர், பாக்கெட்டிலிருந்து படிவத்தை எடுத்து மேஜையில் விரித்தார். "மணியோட இருப்பு நம்பர் என்ன?"

கேள்வி யாரைப் பார்த்தும் கேட்கப்படவில்லை. ஆனால் இருபத்தாறு ஆண்டுப் பழக்கம் சும்மா விடுமா? "பக்கம் நாப்பத்தொண்ணு, வரிசை ஏழு," என்றார் ஸ்டோர்கீப்பர், சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

சிஸ்டர் எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்கு அதிகாரியிடமே நீட்டினார். அவர் கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்த்தார், பிறகு கையெழுத்துப் போட்டார். பார்வைப் புத்தகத்திலும் மறக்காமல் எழுதினார்: உபகரணங்கள் சிறந்த நிலையில் உள்ளன, மணியின் ஓசை தெளிவு. குழந்தையைப் பற்றி எழுத அந்தப் புத்தகத்தில் கட்டம் இல்லை.

அனுமதியின்றி மணி அடித்தது ஏன் என்று மறுநாள் சிஸ்டருக்கு மெமோ வந்தது. "அனுமதி கேட்டுப் பார்த்துவிட்டதால்" என்று ஒரே வரியில் பதில் எழுதினார். அந்த வாரமே பழைய அட்டைகளைக் கட்டுக் கட்டாக எடுத்து, தான் கை தட்டி ஆம் போட்ட குழந்தைகளை ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிடத் தொடங்கினார். அதற்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை, யாருக்கும் தெரியாது.

பொம்மிக்கு ஒரு வயது முடிந்த மூன்றாம் வாரம் இரண்டு காதிலும் கருவி மாட்டினார்கள். கருவி மாட்டியபின் குழந்தை திரும்புகிறதா என்று உள்ளூரில் மணியால் சோதித்து எழுதி அனுப்பவும் என்று மையத்திலிருந்து புதிய படிவம் வந்தது.

அம்மா இடுப்பில் குழந்தையோடு பக்கத்திலேயே வர, சிஸ்டர் ஸ்டோர் அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. தட்டுவதற்குக் கையை ஓங்கியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"மறுபடியுமா சிஸ்டர்? இண்டென்ட் இல்லாம மணி கெடைக்காது. இந்தத் தடவ நாலு கையெழுத்து."

சிஸ்டர் அவர் பக்கம் திரும்பவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தையை. குரலுக்கும் முன்னால், தாழ்வார முனையில் ஸ்டோர்கீப்பர் இன்னும் தெரியாதபோதே, பொம்மி தலையைத் திருப்பிவிட்டிருந்தாள். வாய் பிளந்து, கண் அகல விரிந்து, வருகிற சத்தத்தை எதிர்பார்த்து அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஓர் அடி வைத்தார், சாவிக்கொத்து மறுபடி குலுங்கியது. அவள் "பா" என்றாள்.

"மணி வேணாம் சார்," என்று சிஸ்டர் சுவரில் படிவத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். சோதித்த உபகரணம்: ஸ்டோர் அறைச் சாவிக்கொத்து. பிறகு கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதோட இருப்பு நம்பர் என்ன சொல்லுங்க."