வெஸ்ட்லியில் ஒரு அமெரிக்கத் தேர்தல்

எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த வருடம் எங்கள் வீட்டில் இரண்டு விசேடங்கள் இருந்தன. ஒன்று, நான் பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சடங்கு, என் சாமத்தியவீடு. மற்றது அமெரிக்காவின் சனாதிபதித் தேர்தல். அப்பா எதற்கு அதிகம் மினக்கெட்டார் என்று கேட்டால், கூச்சமில்லாமல் சொல்வேன், அமெரிக்காவுக்குத்தான்.

நாங்கள் இருந்தது ஒஸ்லோவில், வெஸ்ட்லியில், நிலக்கீழ் ரயில் வந்து முடிகிற இடத்துக்குப் பக்கத்து மாடிக்கட்டடம் ஒன்றில். அப்பாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. நோர்வேயில் தேர்தல் வந்தால் எங்கே போய் வாக்குப் போடுவது என்று அம்மாவிடம்தான் கேட்பார். ஆனால் அமெரிக்காவில் எந்த மாநிலம் எந்தப் பக்கம் சாயும், எந்தத் தொலைக்காட்சி யாருடைய பணத்தில் ஓடுகிறது, எந்த நடிகை எந்தக் கட்சி மேடையில் ஏறினாள் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. வேலையால் வந்து சாரத்தைக் கட்டியதும் அமெரிக்கச் செய்தி ஓடத் தொடங்கும். அதில் விளம்பரம் வந்தால் கைபேசியில் தமிழ் அரசியல் ஆய்வாளர்கள். பின்னால் உலகப்படத்தை மாட்டிவைத்துக்கொண்டு, வெள்ளை மாளிகையின் அடுப்படிக்குள் நின்றவர்கள் போலக் கதைப்பார்கள். அவர்கள் சொன்னது நடக்காவிட்டால் அடுத்த நாள் அது ஏன் நடக்கவில்லை என்று விளக்குவார்கள். அப்பா அதையும் விடாமல் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வருவார். அம்மாவின் தமையன். மோர்டென்ஸ்ருட்டில் இருந்தார், டாக்சி ஓட்டினார். நகரத்தின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு வந்து, எங்கள் சோபாவில் அமர்ந்து, அம்மா தந்த இடியப்பத்தைச் சாப்பிட்டு முடித்தபின் அப்பாவோடு அமெரிக்காவைப் பற்றிச் சண்டை பிடிப்பார். அந்த முறை போட்டியிட்டவர்களில் ஒருவர் பெண்மணி, மற்றவர் பெரும் பணக்காரர். அப்பா பெண்மணியின் பக்கம். ஆகவே மாமா பணக்காரரின் பக்கம். அப்பா அந்தப் பக்கம் போயிருந்தால் மாமா அன்றைக்கே இந்தப் பக்கம் வந்திருப்பார் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

“படிச்ச மனிசி, மச்சான். உலகம் தெரிஞ்சவ,” என்பார் அப்பா.

“உலகம் தெரிஞ்ச ஆக்கள் எங்களுக்குச் செய்ததைக் கண்டனாங்கள்தானே,” என்பார் மாமா.

அம்மா கோப்பைகளைத் தேவைக்கு மேல் சத்தத்தோடு கழுவுவாள். எனக்கு இதெல்லாம் வேடிக்கை. ஆண்களுக்குப் பந்தாட்டம் இருப்பதுபோல எங்கள் வீட்டு ஆண்களுக்கு அமெரிக்கா என்று நினைத்திருந்தேன்.

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு, அப்பா வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார். கருத்துக்கணிப்புகள் எல்லாம் அவருடைய பக்கம். என் சாமத்தியவீடும் அந்தக் கிழமை முடிவில், சனிக்கிழமை. வாசலில் வைக்க வாங்கிய பிளாஸ்டிக் வாழைமரம் சோபாவுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது. அப்பா தொடையில் தட்டிச் சொன்னார்:

“மச்சான், நான் சொல்லுறன் கேளுங்கோ. அந்த மனிசிதான் வெல்லும். நான் சொன்னால் சொன்னதுதான்.”

மாமா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நீர் சொல்லி நடந்தது காணும்.”

அவ்வளவுதான். அதைவிட மோசமாக எத்தனையோ முறை ஏசியிருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அப்பா தொடையில் தட்டிய கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார். அடுப்படியில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. மாமா எழுந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு, என் தலையைக்கூடத் தடவாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா அழைத்தபோதெல்லாம் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

இது சின்ன விசயமில்லை. சாமத்தியவீட்டில் தாய்மாமன் வந்து பாலில் தோய்த்த அறுகம்புல்லைப் பிள்ளையின் தலையில் வைத்தால்தான் காரியமே தொடங்கும். அம்மாவுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு சகோதரன்தான். அம்மாவின் தம்பியான சின்னமாமா வன்னியில் போரின் கடைசி மாதங்களில் செத்துப்போனவர். சாமியறையில் அவர் படமாக இருந்தார், அவ்வளவே எனக்குத் தெரியும்.

“அண்ணை வராட்டி மண்டபத்தை வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ,” என்றாள் அம்மா.

“அமெரிக்காவைப் பற்றிக் கதைச்சதுக்கு ஒரு மனிசன் கோவிப்பானே?” என்றார் அப்பா. அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து குப்பையைக் கொட்டப் போனார். குப்பைப் பை பாதிகூட நிரம்பியிருக்கவில்லை.

புதன்கிழமை காலை எழுந்து வந்தபோது முடிவு தெரிந்துவிட்டது. பணக்காரர் வென்றுவிட்டார். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. எனக்கோ உள்ளுக்குள் சந்தோசம். மாமாவின் ஆள் வென்றுவிட்டார், இனி மாமாவுக்கு என்ன கோபம்? பந்தாட்டத்தில் வென்றவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவானா?

அடுத்த நாள் பின்னேரம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மோர்டென்ஸ்ருட்டுக்குப் புறப்பட்டாள். சாமத்தியப்பட்ட பிள்ளை சடங்கு செய்து தண்ணீர் வார்க்கும் வரை வாசல் தாண்டக்கூடாது என்பது ஊர்ச் சட்டம். நானோ கோடை விடுமுறையில் பெரியபிள்ளையாகி, நவம்பர் வரை மண்டபம் கிடைக்காமல், அதற்கிடையில் பள்ளிக்கூடத்து நீச்சல் வகுப்புக்கும் போய்வந்துவிட்டேன். ரயிலில் எங்களுக்கு முன்னால் இருந்த நோர்வேக்காரர்கள்கூட அமெரிக்காவைப் பற்றித்தான் கதைத்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

மாமா கதவைத் திறந்தார்.  சொல்ல வேண்டியதை வழியெல்லாம் அடுக்கிவைத்துக்கொண்டு வந்த அம்மா, அவரைக் கண்டதும் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள், அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். நான்தான் கேட்டேன்.

“மாமா, வால்க்கிலை உங்கட ஆள்தானே வெண்டது? பிறகேன் கோவம்?”

நோர்வேயில் தேர்தலுக்கு ‘வால்க்’ என்பார்கள், அதற்குத் தமிழ்ச் சொல் எனக்கு வாயில் வரவில்லை. 

“ஓம் பிள்ளை,” என்றார் மாமா. “நான் வெண்டிட்டன்.”

அம்மா அப்போதுதான் அழுதாள். “அண்ணை, எனக்கு நீங்கள் ஒராள்தான் மிச்சம்.”

“வாறன். மருமகளுக்காக வாறன். அவரோடை கதைக்கச் சொல்லி மட்டும் கேக்காதை.”

வரும் வழியில் நான் வெற்றி பெற்ற தூதுவன்போல நிமிர்ந்து அமர்ந்திருந்தேன்.

நடந்தது என்னவென்று எனக்குத் தெரியவந்தது அடுத்த அமெரிக்கத் தேர்தலின்போது. அப்பா மறுபடியும் தொடையில் தட்டத் தொடங்கிய ஒரு பின்னேரம், அம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டு, துணி மடித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு நாலைந்து வயதாக இருந்தபோது வன்னியிலிருந்து சின்னமாமா தொலைபேசியில் வந்திருக்கிறார். ஷெல் விழுகிற அந்த இடத்தை விட்டுச் சனம் கடல்நீரேரியைக் கடந்து இராணுவத்தின் பக்கம் போகிறது, நானும் போகட்டுமா என்று தன் அக்காவான அம்மாவைக் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வீட்டில் அரசியல் தெரிந்தவர் அப்பா. தொலைபேசியை அவரிடம் கொடுத்தாள்.

“அவசரப்படாதை,” என்றிருக்கிறார் அப்பா. “அமெரிக்காவிலை புது ஆட்சி வந்திட்டுது. இனிச் சும்மா பாத்துக்கொண்டிருக்கமாட்டினம். சனத்தை ஏத்தக் கப்பல் வரும் எண்டு எல்லாரும் கதைக்கினம். ஒரு கிழமை பொறு.”

சின்னமாமா பொறுத்தார். அதற்குப் பிறகு அவர் குரல் வரவில்லை. கப்பலும் வரவில்லை.

அந்தப் பின்னேரம் மாமாவும் அதே சோபாவில் இருந்திருக்கிறார். அப்பா சொல்லச் சொல்லத் தலையாட்டியிருக்கிறார். அன்றைக்கு ஒஸ்லோவில் எத்தனையோ வீடுகளில் அதே ஆய்வாளர்களைக் கேட்டுவிட்டு அதே கதையைத்தான் சொன்னார்கள், உன் அப்பா மட்டுமில்லை என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, நானல்லோ ரெலிபோனைக் குடுத்தனான் என்றாள். அதை அவள் எத்தனை முறை தனக்குள் சொல்லியிருப்பாளோ. மூன்று பேரும் இத்தனை வருடமாக அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அமெரிக்காவைப் பற்றித்தான் கதைத்தார்கள். அப்பாவால் அதை நிறுத்தவும் முடியவில்லை. நிறுத்தினால் அன்று சொன்னதும் வெறும் வாய்க்கதை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை, ஸ்டோவ்னர் மண்டபத்தில், தாமரை வடிவ நாற்காலியில் அமர்ந்திருந்த எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. இலண்டனிலிருந்து யாரோ கொண்டுவந்த அறுகம்புல் கொஞ்சம் வாடியிருந்தது. ஒலிபெருக்கியில் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். மாமா வேட்டியோடு மேடைக்கு வந்தார். வாசலில் அப்பா நீட்டிய கையை அவர் கவனிக்காததுபோல வந்தாரென்று பிறகு மாமி சொன்னாள். பாலில் அறுகைத் தோய்த்து என் தலையில் வைத்தார். கமராக்காரர் கைகாட்டினார், சனம் கைதட்டியது. மாமா இறங்கவில்லை. இன்னொரு பிடி அறுகை எடுத்து மறுபடியும் பாலில் தோய்த்தார்.

“அண்ணை, உங்கட முறை முடிஞ்சுது,” என்றார் கமராக்காரர். முன்வரிசையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமா குனிந்து என் காதோடு சொன்னார்: “இது சின்னமாமாவின்ரை, பிள்ளை.”

பால் நெற்றியால் வழிந்து கண்ணுக்குள் போனது. துடைத்துக்கொண்டு பார்த்தபோது, மேடையின் ஓரத்தில் நின்ற அப்பா கீழே இறங்கி, கதிரைகளுக்கு நடுவால் நடந்து, குளிர்ச்சட்டைகூட எடுக்காமல் வெளிக்கதவைத் திறந்துகொண்டு போவது தெரிந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

“அம்மா, இண்டைக்குமா அமெரிக்கா? நியூஸ் பாக்கவா போறார்?” என்றேன். அம்மா என் தலைப்பூவைச் சரிசெய்தாள். ஊசி மண்டையில் குத்தியது.

அப்பா இல்லாமலே ஆராத்தி எடுத்தார்கள். அன்றைக்கு வந்த கோபத்தில் வெகுநாட்கள் அவரோடு நான் கதைக்கவில்லை. அவர் ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததற்கும் சேர்த்துக் கோபித்தேன். மாமா காதோடு சொன்னதில் மகளும் எல்லாம் அறிந்துவிட்டாள் என்று நினைத்து அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு அது தெரியவில்லை.